அயோத்தியில் ஒரு வெற்றி, யானைக்கு ஒரு பூஜ்யம்

ஜூன் 4ஆம் தேதி மாலை எங்கள் ஊர் காலனி மன்றத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் நல்ல கூட்டம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் கைபேசியைக் காட்டி, "அண்ணே, அயோத்தில ஜெயிச்சது நம்ம ஆளாமே, உண்மையா?" என்று கேட்டான். உண்மைதான் என்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறுகளில் நீலக் கொடியில் யானையை வரைந்து வீட்டு வாசலில் கட்டியவர். அவர் மெதுவாக, "அப்ப யானைக்கு எத்தனை?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு பேர் கேட்டதும் ஒரே தேர்தலைப் பற்றித்தான். ஒருவனுக்கு அது வெற்றிச் செய்தி, இன்னொருவருக்கு இழவுச் செய்தி. இந்தத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்துத் தலித் மக்கள் செய்தது என்ன, அதனால் அவர்கள் பெற்றது எது, இழந்தது எது என்று பார்த்தால் இரண்டு கேள்விக்கும் சேர்த்து விடை கிடைக்கும்.

யாரும் எதிர்பார்க்காத கணக்கு

நானூறு இடங்களைத் தாண்டுவோம் என்ற முழக்கத்தோடுதான் பாஜக தேர்தலுக்குப் போனது. ஜூன் 1ஆம் தேதி வெளிவந்த கருத்துக்கணிப்புகள் அனேகமாக எல்லாமே அந்தக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. வாக்கு எண்ணியபோது பாஜகவுக்குத் தனியாகக் கிடைத்தது 240 இடங்கள். 2019இல் 303. அறுதிப் பெரும்பான்மைக்கு 272 வேண்டும். கூட்டணிக் கட்சிகளோடு சேர்ந்து 293 என்ற நிலையில்தான் நரேந்திர மோடி ஜூன் 9ஆம் தேதி மூன்றாவது முறையாகப் பிரதமர் பதவி ஏற்றார்.

இந்தச் சரிவின் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. அங்குள்ள 80 தொகுதிகளில் 2019இல் பாஜக 62 வென்றது. இம்முறை 33தான். சமாஜ்வாதி கட்சி 5இலிருந்து 37க்கு உயர்ந்தது. காங்கிரசுக்கு 6. இவற்றில் நாடே திரும்பிப் பார்த்த தொகுதி பைசாபாத். அயோத்தி நகரம் அதற்குள்தான் வருகிறது. ஜனவரி 22ஆம் தேதி ராமர் கோயில் குடமுழுக்கு நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அங்கே இரண்டு முறை எம்.பி.யாக இருந்த பாஜகவின் லல்லு சிங்கை 54,567 வாக்குகள் வித்தியாசத்தில் சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாத் தோற்கடித்தார்.

அவதேஷ் பிரசாத் பாசி சமூகத்தவர். உத்தரப் பிரதேசத்தில் ஜாதவ் சமூகத்துக்கு அடுத்த பெரிய பட்டியல் சாதி அது. கள் இறக்குவதும் பன்றி வளர்ப்பதும் அவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்த தொழில்கள். ஒன்பது முறை சட்டமன்றத்துக்குத் தேர்வானவர் அவர். மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பைசாபாத் பொதுத் தொகுதி. மக்களவையில் பட்டியல் சாதியினருக்கென 84 தனித் தொகுதிகள் உள்ளன. அவற்றுக்கு வெளியே ஒரு தலித்தை வேட்பாளராக நிறுத்துவதே அபூர்வம். அப்படி நிறுத்தி, அதுவும் அயோத்தியில் வென்றதால்தான் அந்தத் தம்பியின் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

எது அவர்களை அசைத்தது?

இந்த மாற்றத்துக்கு ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. ஆனால் தலித் வாக்கைப் பொறுத்தவரை ஒரு பேச்சு கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது. மார்ச் மாதம் கர்நாடக பாஜக எம்.பி. அனந்த்குமார் ஹெக்டே, அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும், அதற்குத்தான் நானூறு இடங்கள் தேவை என்ற பொருளில் பேசினார். கட்சி அது அவருடைய சொந்தக் கருத்து என்று விலகிக்கொண்டது. அவருக்குப் போட்டியிட வாய்ப்பும் தரவில்லை. ஆனால் ஏப்ரலில் அதே அயோத்தி வேட்பாளர் லல்லு சிங், அரசமைப்பில் மாற்றம் செய்ய மூன்றில் இரண்டு பங்கு பலம் வேண்டும் என்று பேசிய காணொளி கைபேசிகளில் சுற்றியது. அம்பேத்கரே நேரில் வந்தாலும் அரசமைப்பை மாற்ற முடியாது என்று பிரதமர் ராஜஸ்தான் கூட்டமொன்றில் சொல்லிப் பார்த்தார். அதற்குள் அச்சம் வேர்விட்டிருந்தது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு அரசமைப்புச் சட்டம் ஒரு புத்தகமாகத் தெரியலாம். காலனியில் இருப்பவனுக்கு அதன் பொருள் வேறு. பள்ளியில் கிடைத்த கல்வி உதவித்தொகை, அக்காவுக்குக் கிடைத்த செவிலியர் வேலை, ஊராட்சித் தலைவர் நாற்காலியில் தன் சொந்தக்காரர் உட்கார முடிந்தது, அடித்தவன்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடிவது எல்லாம் அவனுக்கு அந்தப் புத்தகத்திலிருந்து வந்தவை. அதில் கை வைப்போம் என்று ஒருவர் சொன்னால், மற்றொருவர் வந்து அது சும்மா பேச்சு என்று சொன்னாலும் நம்பிக்கை திரும்பாது.

வேலையின்மையும் சேர்ந்துகொண்டது. பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தில் 60,000க்கு மேற்பட்ட காவலர் பணியிடங்களுக்குத் தேர்வு நடந்தது. ஏறத்தாழ 48 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். வினாத்தாள் வெளியாகிவிட்டதாகப் புகார் எழுந்து தேர்வே ரத்தானது. நிலமோ கடையோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அரசு வேலை ஒன்றுதான் படிக்கட்டு. அதுவும் ஒப்பந்த வேலையாகச் சுருங்கும்போது இடஒதுக்கீடு காகிதத்தில் மட்டும் மிஞ்சுகிறது. மாதம் ஐந்து கிலோ இலவச தானியம் வயிற்றுக்கு உதவியது. அந்த நன்றியைவிட வேலை போன வருத்தம் பெரிதாக இருந்தது.

சிஎஸ்டிஎஸ் நிறுவனத்தின் லோக்நிதி அமைப்பு தேர்தலுக்குப் பின் நடத்திய ஆய்வு இதை எண்ணிக்கையில் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஜாதவ் அல்லாத தலித்துகளில் 56 சதவீதம் பேர் 'இந்தியா' கூட்டணிக்கு வாக்களித்திருக்கிறார்கள். பத்தாண்டுகளாக பாஜக தனக்கென்று சேர்த்து வைத்திருந்த பிரிவு அது. 17 தனித் தொகுதிகளில் 2019இல் பாஜகவும் அதன் கூட்டாளியும் 15 வென்றிருந்தன. இம்முறை பாஜகவுக்கு 8 மட்டுமே. சமாஜ்வாதிக்கு 7, காங்கிரசுக்கு 1, ஆசாத் சமாஜ் கட்சிக்கு 1.

பழியை யார்மேல் போடுவது?

முடிவு வந்தபின் எழுந்த எதிர்வினைகளைப் பாருங்கள். அயோத்தி வாக்காளர்கள் நன்றி கெட்டவர்கள், அந்த ஊரில் யாரும் பொருள் வாங்காதீர்கள் என்றெல்லாம் சமூக ஊடகங்களில் வசை பொழிந்தது. கோயில் கட்டித் தந்தவர்களுக்கே வாக்களிக்கவில்லையே என்பது அவர்கள் கேள்வி. சாலை விரிவாக்கத்தில் வீட்டையும் கடையையும் இழந்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. எதிர்க்கட்சிகள் பொய்ப் பிரச்சாரம் செய்து தலித்துகளை ஏமாற்றிவிட்டன என்பது பாஜக தலைவர்கள் தந்த விளக்கம். தலித்துக்குச் சொந்தமாகச் சிந்திக்கத் தெரியாது, யாராவது சொன்னால் நம்பிவிடுவான் என்ற பழைய எண்ணம்தான் இந்த விளக்கத்துக்கு அடியில் இருக்கிறது.

பகுஜன் சமாஜ் கட்சியின் எதிர்வினை இன்னும் வருத்தம் தந்தது. ஜூன் 5ஆம் தேதி அறிக்கை வெளியிட்ட மாயாவதி, ஜாதவ் மக்கள் தம்மோடு நின்றதற்கு நன்றி சொன்னார். அடுத்து, போதிய இடங்கள் தந்தும் முஸ்லிம்கள் கட்சியைப் புரிந்துகொள்ளவில்லை, இனி யோசித்துத்தான் வாய்ப்பு தருவோம் என்றார். வாக்காளரைக் குறை சொல்லும் கட்சி தன் தவறைத் தேடுவதில்லை. அயோத்தி மக்களைத் திட்டியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

206இலிருந்து ஒன்றுக்கு

பெரியவர் எழுந்து போனதன் பொருள் இளைஞர்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். கன்ஷிராம் புனேயில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, 1978இல் பட்டியலின, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை அரசு ஊழியர்களைத் திரட்டி பாம்செஃப் அமைப்பைத் தொடங்கினார். படித்து வேலைக்குப் போனவர்கள் தங்கள் சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டியது உண்டு என்பது அதன் அடிப்படை. அதன்பின் டிஎஸ்4 என்ற போராட்ட அமைப்பு. சைக்கிளில் ஊர் ஊராகப் பயணம். 1984 ஏப்ரல் 14, அண்ணல் பிறந்த நாளில் பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது. திருமணம் செய்துகொள்ள மாட்டேன், குடும்பத்தோடு உறவு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டு கடைசிவரை அப்படியே வாழ்ந்தவர் கன்ஷிராம்.

1989இல் பிஜ்னோர் தொகுதியிலிருந்து மாயாவதி முதல்முறையாக மக்களவைக்குப் போனார். 1995 ஜூன் 3ஆம் தேதி முதலமைச்சர் ஆனார். பிறகு 1997, 2002, 2007. அம்பேத்கர் கிராமத் திட்டத்தில் தலித் குடியிருப்புகளுக்குச் சாலையும் மின்சாரமும் வந்தன. எல்லாவற்றையும்விட, காவல் நிலையத்துக்குள் ஒரு தலித் நாற்காலியில் உட்காரும் தைரியம் வந்தது. அந்த ஆட்சிகளில் குறைகள் இருந்தன, ஊழல் புகார்கள் இருந்தன. ஆனால் ஒரு தலித் பெண் நாட்டின் மிகப் பெரிய மாநிலத்தை ஆண்ட செய்தி ஆயிரக்கணக்கான மைல் தள்ளி எங்கள் ஊர் வாசலில் யானைக் கொடியைக் கட்ட வைத்தது.

2007 சட்டமன்றத் தேர்தலில் கட்சி 206 இடங்களில் வென்று தனித்து ஆட்சி அமைத்தது. 2012இல் 80. 2017இல் 19. 2022இல் 1. மக்களவையில் 2014இல் ஒன்றும் இல்லை. 2019இல் சமாஜ்வாதியோடு கூட்டு வைத்து 10. இப்போது மறுபடியும் ஒன்றும் இல்லை. ஆனால் 2014இன் பூஜ்யமும் 2024இன் பூஜ்யமும் ஒன்றல்ல. 2014இல் இடம் கிடைக்காவிட்டாலும் மாநிலத்தில் 19 சதவீதத்துக்கு மேல் வாக்கு இருந்தது. இம்முறை 9.39 சதவீதம். அன்று வயலில் பயிர் நின்றது, அறுவடைதான் கைக்கு வரவில்லை. இன்று பயிரே பாதிதான்.

லோக்நிதி ஆய்வின்படி ஜாதவ் மக்களிலேயே 44 சதவீதம் பேர்தான் யானைக்கு வாக்களித்திருக்கிறார்கள். மீதிப் பேரில் ஏறத்தாழ சரிபாதி பாஜகவுக்கும் சரிபாதி 'இந்தியா' கூட்டணிக்கும் போயிருக்கிறார்கள். 16 தொகுதிகளில் பாஜக கூட்டணியின் வெற்றி வித்தியாசத்தைவிட பகுஜன் சமாஜ் பெற்ற வாக்கு அதிகம். இதை வைத்து அந்தக் கட்சியை பாஜகவின் 'பி டீம்' என்று சொல்லுகிறார்கள். யானைக்கு விழுந்த வாக்கு முழுவதும் இன்னொரு சின்னத்துக்கு மாறியிருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அந்தப் பேச்சு தலித் வீடுகளிலேயே எழும்பும் அளவுக்கு நிலைமை வந்துவிட்டது என்பது உண்மை.

மருமகனும் முதிர்ச்சியும்

கட்சியின் தலைமை இந்தத் தேர்தலில் நடந்துகொண்ட விதம் இதற்கு ஒரு காரணம். 2023 டிசம்பர் 10ஆம் தேதி மாயாவதி தம் தம்பி மகன் ஆகாஷ் ஆனந்தை அரசியல் வாரிசாக அறிவித்தார். ஏப்ரலில் அந்த இளைஞர் கூட்டங்களில் வேலையின்மை, வினாத்தாள் கசிவு என்று சூடாகப் பேசினார். இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சீதாபூரில் பாஜக அரசைக் கடுமையாகத் தாக்கிப் பேசியதற்காக அவர்மீது வழக்குப் பதிவானது. மே 7ஆம் தேதி, மூன்றாம் கட்ட வாக்குப்பதிவு முடிந்த இரவில், முழு முதிர்ச்சி பெறும்வரை அவரைப் பொறுப்புகளிலிருந்து நீக்குவதாக மாயாவதி அறிவித்தார். ஏழு கட்டத் தேர்தலில் நான்கு கட்டம் பாக்கி இருந்தது. ஜூன் 23ஆம் தேதி லக்னோ கூட்டத்தில் அவரே மறுபடியும் தேசிய ஒருங்கிணைப்பாளர், மறுபடியும் வாரிசு. அத்தையின் காலைத் தொட்டு வணங்கினார், அத்தை தலையில் கைவைத்து வாழ்த்தினார். ஆறரை மாதத்தில் அறிவிப்பு, நீக்கம், திரும்பவும் அறிவிப்பு.

நாற்பத்தேழு நாளில் எப்படி முதிர்ச்சி வந்தது என்று கேட்டால் கட்சியில் பதில் சொல்ல ஆள் இல்லை. கேட்கவும் ஆள் இல்லை என்பதே பெரிய குறை. வாரிசு அரசியல் எல்லாக் கட்சியிலும் இருக்கிறது, தலித் கட்சியை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பணக்காரக் கட்சிக்கு வாரிசு சரியில்லை என்றால் பணம் தாங்கும், பத்திரிகை தாங்கும், சாதி தாங்கும். நம்மைப் போன்றவர்களின் கட்சிக்குத் தொண்டனைத் தவிர வேறு முட்டு கிடையாது. தொண்டன் விலகினால் கூரை இறங்கிவிடும்.

விலகியவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். கன்ஷிராம் காலத்திலிருந்தே கட்சியை வளர்த்தவர்களில் ஒருவர் ஆர்.கே. சௌத்ரி. அவர் இன்று மோகன்லால்கஞ்ச் தனித் தொகுதியில் ஒன்றிய இணை அமைச்சராக இருந்தவரைத் தோற்கடித்த சமாஜ்வாதி எம்.பி. மாயாவதி ஆட்சியில் அமைச்சராக இருந்த இந்திரஜித் சரோஜின் மகன் புஷ்பேந்திர சரோஜ், 25 வயதில் கௌசாம்பி எம்.பி., அவரும் சமாஜ்வாதி. நீலக் கொடியின் கீழ் அரசியல் படித்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சிவப்பு பச்சைக் கொடியின் கீழ் வென்றிருக்கிறார்கள்.

அரசியலில் தனிமனித பக்தி நாட்டைப் படுகுழிக்குக் கொண்டுபோகும் என்ற பொருளில் அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் தேதி அரசமைப்பு அவையில் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை மற்றவர்களுக்கு மட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அண்ணல் மறைந்த அடுத்த ஆண்டு பிறந்த இந்தியக் குடியரசுக் கட்சி எத்தனை துண்டாக உடைந்தது என்பது மகாராஷ்டிரத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே தலைவர்கள் அதிகமாகிக் கட்சி சிதறியது. உத்தரப் பிரதேசத்தில் ஒரே ஒரு தலைவர் என்று ஆகிக் கட்சி சுருங்கியது. இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது ஒன்றுதான்: ஊர்க் கிளையில் இருப்பவன் தலைமையைக் கேள்வி கேட்கும் வழி.

நகினா சொல்லும் கதை

அப்படியானால் தனிக் கட்சியே வேண்டாம், பெரிய கட்சிகளில் சேர்ந்து இடம் வாங்கிக்கொண்டால் போதுமே என்று சிலர் இப்போது சொல்கிறார்கள். அயோத்தி வெற்றி அந்த எண்ணத்துக்கு வலு சேர்க்கிறது. அவர்கள் நகினா என்ற தொகுதியின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

நகினா, பிஜ்னோர் மாவட்டத்தில் உள்ள தனித் தொகுதி. மாயாவதி முதன்முதலில் வென்ற மண் அது. 2009இல் இங்கே வென்றவர் சமாஜ்வாதி கட்சியின் யஷ்வீர் சிங். 2012 டிசம்பரில், அரசுப் பணியில் பட்டியலினத்தவருக்குப் பதவி உயர்விலும் இடஒதுக்கீடு தரும் அரசமைப்புத் திருத்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறி மக்களவைக்கு வந்தது. சமாஜ்வாதி கட்சி அதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த மசோதாவின் நகலை அமைச்சர் நாராயணசாமியின் கையிலிருந்து பறித்தவர் யார் தெரியுமா? அதே யஷ்வீர் சிங். தலித்துகளுக்கென ஒதுக்கிய தொகுதியில் வென்ற தலித் உறுப்பினரைக் கொண்டே தலித்துகளுக்கான மசோதாவைப் பறிக்க வைக்க ஒரு கட்சியால் முடிந்தது. அந்த மசோதா சட்டமாகவே இல்லை.

இதைத்தான் கன்ஷிராம் 1982இல், பூனா ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டில், 'சம்சா யுகம்' என்று பெயர் வைத்து ஒரு நூலாகவே எழுதினார். சம்சா என்றால் கையாள். பிறருடைய கட்சியில், பிறருடைய வாக்கை நம்பி வெல்லும் தலித் உறுப்பினர் தன் மக்களுக்குப் பேச முடியாது என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் கடுமை இருக்கலாம். ஆனால் 2012இல் மக்களவையில் நடந்ததைப் பார்த்தவர்கள் அதைத் தள்ளிவிட முடியாது.

இப்போது 2024க்கு வாருங்கள். அதே நகினாவில் சந்திரசேகர் ஆசாத் நின்றார். சஹாரன்பூர்க்காரர். பீம் ஆர்மியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2017 கலவரத்துக்குப் பின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறையில் இருந்தவர். 2020இல் ஆசாத் சமாஜ் கட்சியைத் தொடங்கினார். 2022 சட்டமன்றத் தேர்தலில் கோரக்பூரில் நின்று தோற்றார். இம்முறை 'இந்தியா' கூட்டணியில் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. தனியாக நின்றார். பாஜக, சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் மூன்றும் எதிரில். 1,51,473 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2019இல் இதே தொகுதியை வென்றிருந்த பகுஜன் சமாஜ் கட்சி நான்காம் இடத்துக்குப் போனது. பதினான்காயிரம் வாக்குகூட அதற்கு விழவில்லை.

இங்கே முஸ்லிம் மக்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்கள் ஆதரவு இல்லாமல் இந்த வித்தியாசம் வந்திருக்காது. முஸ்லிம்கள் தலித் தலைமையைப் புரிந்துகொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மாயாவதியின் முதல் மாவட்டத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. தெருவில் தங்களோடு நின்றவர் யார் என்று பார்த்து அந்த மக்கள் வாக்களித்திருக்கிறார்கள். ஆசாத் நாளைக்கு எப்படி மாறுவார் என்று நமக்குத் தெரியாது. அவருடைய கட்சியும் இப்போதைக்கு ஒரு தலைவரைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆனால் சொந்தக் கொடியோடும் ஜெயிக்க முடியும் என்பதை நகினா காட்டியிருக்கிறது.

விருந்தாளி நிலை

2024 ஜூனில் புதிய மக்களவை கூடியபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அரசமைப்புச் சட்டப் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு உறுதிமொழி எடுத்தார்கள். அவதேஷ் பிரசாத்தை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. அதே மாதத்தில் தற்காலிக அவைத்தலைவர் பதவிக்கு எட்டு முறை எம்.பி.யான கேரளத்துத் தலித் உறுப்பினர் கொடிக்குன்னில் சுரேஷை அரசு விட்டுவிட்டு, ஏழு முறை எம்.பி.யான பர்த்ருஹரி மஹ்தாபை நியமித்தது. சுரேஷ் இடையில் தோற்றவர், மஹ்தாப் தொடர்ந்து வென்றவர் என்று காரணம் சொன்னது. எதிர்க்கட்சிகள் சுரேஷை அவைத்தலைவர் தேர்தலில் நிறுத்தின. எண்ணிக்கை இல்லை என்று தெரிந்தே நிறுத்தின. தோற்கிற இடத்தில் தலித்தை நிறுத்துவது எளிது. ஜெயிக்கிற இடத்தில் நிறுத்தும்போதுதான் மனம் தெரியும்.

அரசமைப்பைக் காப்போம் என்று வாக்கு வாங்கியவர்களிடம் இனி கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. பதவி உயர்வில் இடஒதுக்கீடு பற்றி சமாஜ்வாதியின் இன்றைய நிலை என்ன? தனியார் துறையில் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் கொண்டுவருவார்களா? காலியாகக் கிடக்கும் பின்னடைவுப் பணியிடங்களை அவர்கள் ஆளும் மாநிலங்களில் நிரப்புவார்களா? இவற்றுக்கு விடை வரும்வரை அந்த வீட்டில் தலித் வாக்கு விருந்தாளிதான். விருந்தாளிக்கு முதல் நாள் இலை போட்டுப் பரிமாறுவார்கள். வீட்டு விஷயத்தில் அவன் பேச்சு எடுபடாது.

நம் மாநிலத்திலும் இதே கேள்வி உண்டு. யானைக்கு ஒன்றும் கிடைக்காத இதே தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி பானைச் சின்னத்தில் சிதம்பரம், விழுப்புரம் இரண்டையும் வென்று, மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்கான தகுதியைப் பெற்றிருக்கிறது. சொந்தச் சின்னத்தில் நின்று, கூட்டணியிலும் இருந்து வாங்கிய வெற்றி. ஆனால் இரண்டுமே தனித் தொகுதிகள். பொதுத் தொகுதி ஒன்றும் வேண்டும் என்று அந்தக் கட்சி கேட்டது, கிடைக்கவில்லை. 2001இல் திருச்சி பொதுத் தொகுதி இடைத்தேர்தலில் அதிமுக தலித் எழில்மலையை நிறுத்தியது, அவர் வென்றார். மக்கள் வாக்களிக்க மாட்டார்கள் என்ற சாக்கு அன்றே உடைந்துவிட்டது. அதன்பிறகு அந்த வழியில் நடந்த பெரிய கட்சி எது?

தம்பிக்கும் பெரியவருக்கும்

இந்தத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்துத் தலித் மக்கள் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே செய்தி சொல்லியிருக்கிறார்கள். தானியம் கொடுத்தோம், கோயில் கட்டினோம், வாக்கு நமக்குத்தான் என்று இருந்தவர்களுக்கு ஒன்று. நம் சாதி, நம் சனம், வாக்கு எங்கே போகும் என்று இருந்தவர்களுக்கு மற்றொன்று. வாக்கு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் கிடையாது. தம்பி மகன் பெயருக்கு எழுதி வைக்கவும் முடியாது. அந்த வகையில் அயோத்தித் தம்பியின் மகிழ்ச்சி நியாயமானது.

பெரியவரின் வருத்தமும் நியாயமானதுதான். ஊர் ஊராகச் சைக்கிளில் போய் ஊழியர்களையும் கூலிக்காரர்களையும் சேர்த்துக் கட்டிய ஒரு வீடு இடிந்துகொண்டிருக்கிறது. இன்றும் 9.39 சதவீதம் பேர், ஏறத்தாழ 82 லட்சம் மனிதர்கள், தோற்கும் என்று தெரிந்தும் அந்தச் சின்னத்துக்கு வாக்களித்திருக்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது.  வாரிசைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, கிளைகளைத் திறந்து, விலகியவர்களைக் கூப்பிட்டு, தோல்விக்குக் காரணம் என்னவென்று தொண்டனிடமே கேட்டால் அந்தக் கட்சி மீள வழி உண்டு. லக்னோ கூட்டத்தில் அதற்கான அறிகுறி தெரியவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். விடுமுறையில் உங்கள் ஊரில் ஒவ்வொரு கட்சியிலும் கிளைச் செயலாளர் யார், ஒன்றியச் செயலாளர் யார், வாக்குச்சாவடி முகவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். காலனிக்காரர் எந்தப் பதவியில் இருக்கிறார் என்று பாருங்கள். ஆதிதிராவிடர் நலப் பிரிவு என்ற தனி அறையில் மட்டும் அவர் உட்கார வைக்கப்பட்டிருந்தால், அந்தக் கட்சியில் நாம் விருந்தாளி. கூட்டம் நடக்கும் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார் என்றால் கொஞ்சம் நம்பலாம். நம்முடைய கட்சிகளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே கடைசியாகக் கிளைத் தேர்தல் எப்போது நடந்தது என்று கேளுங்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் பெரியவரைப் பார்த்தேன். நகினாவில் ஒரு பையன் தனியாக நின்று ஜெயித்திருக்கிறான் என்று சொன்னேன். சின்னம் என்ன என்று கேட்டார். கெட்டில் என்றேன். சிரித்தார். "சின்னம் எதுவா வேணா இருக்கட்டும்பா. அவனைக் கேள்வி கேக்க அவன் கட்சில நாலு பேரு இருக்கானா, அதைப் பாத்துச் சொல்லு" என்றார்.